தயாளனுக்கு நான் கொடுத்த நாலாவது புத்தகம்

என் சிநேகிதன் தயாளனுக்கு நான் படிக்கச் சொல்லிக் கொடுத்த புத்தகங்கள் மொத்தம் நாலு. முதல் மூன்றும் அவனுக்கு ஒத்துவரவில்லை. நாலாவது அவன் வேலைக்கே உலை வைத்தது. புத்தகத்தின் மேல் ஏன் பழி போடவேண்டும், உலை வைத்தது நான்தான். டேங்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்தால் போதும். மற்றவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போகலாம்.

1. முதல் மூன்று

மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்கே டேங்க் கிளீனிங் கான்ட்ராக்டில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். தயாளன் கேங் மேஸ்திரி. ஆறு பேரை வைத்துக்கொண்டு, காலி டேங்க்கின் அடியில் படிந்திருக்கும் கசடை வாரி வெளியே எடுக்கிற வேலை. நான் பெர்மிட் எழுதுகிறவன். உள்ளே காற்று சரியாக இருக்கிறது, ஆள் இறங்கலாம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவன் ஆட்கள் இறங்க முடியும். இருவருக்கும் ஒரே நாளில்தான் கேட் பாஸ் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் கேன்டீனில் ஒரே பெஞ்சு.

எனக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு. பழக்கம் என்ன பழக்கம், திமிர் என்றே சொல்லலாம். சாப்பிடும்போதும் கையில் ஒன்று இருக்கும். நாலு பேர் பார்க்கவேண்டும் அல்லவா! அந்தத் திமிரில்தான் தயாளனையும் படிக்கவைக்கக் கிளம்பினேன்.

முதலில் ஒரு ராஜா கதை கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. "இன்னா மாமு இது, இதுல ஒருத்தன்கூட வேலைக்குப் போவ மாட்டேங்குறான்" என்றான்.

அடுத்தது, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒன்று. "காலைல நாலு மணிக்கு எழுந்துக்கணுமாம். நா மூணரைக்கே கொடத்த தூக்கிகினு தண்ணி லாரிக்கு நின்னுகினு கீறேன். இன்னும் முன்னேறவே இல்லியே" என்று சிரித்தான்.

மூன்றாவது கவிதைப் புத்தகம். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதி எடம் காலியா கீது, பேப்பர்க்கு புடிச்ச கேடு" என்று அங்கேயே கொடுத்துவிட்டான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உனக்கு இன்னாதான்டா வேணும்?" என்று கத்தினேன்.

"நம்ம வேலைய பத்தி எதுனா புக்கு கீதா மாமு?" என்றான்.

2. மஞ்சள் அட்டை

இருந்தது. பெர்மிட் எழுதுகிறவர்களுக்கு ஒரு தடவை மூன்று நாள் டிரெயினிங் வைத்தார்கள். அங்கே கொடுத்த மஞ்சள் அட்டைப் புத்தகம். டேங்க்குக்குள் இறங்கும் முன் என்னென்ன பார்க்கவேண்டும் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் என் பெயரை எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். "படிச்சுப் பாரு, உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்" என்றும் சொன்னேன்.

சும்மா சொல்லக் கூடாது, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி முழுசையும் படித்தான். கேன்டீனில் சாம்பார் சாதத்தை மறந்துவிட்டு என்னைக் கேள்வி கேட்பான். "கசட கிளறுனா உள்ள அடைஞ்சிகினு கீற கேஸு கெளம்புமாமே? அப்ப சோறு துன்னுட்டு மறுபடி எறங்க சொல்லோ, மறுபடியும் மீட்டர் வெச்சி பாக்கணுமாமே?"

"ஆமா, பார்க்கணும்."

"நீ பாத்துதான எழுதுற?"

"பின்ன?" என்றேன்.

பொய். காற்றை அளந்து பார்க்கிற அந்த கேஸ் மீட்டர் ஆபீஸ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பேட்டரி செத்து எத்தனையோ மாதம். நல்ல காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் இருக்கும். நான் தினமும் காலைக் கட்டத்தில் 20.9, மதியக் கட்டத்தில் 20.9 என்று எழுதுவேன். இரண்டையும் காலையிலேயே எழுதிவிடுவேன். ஊரில் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். தூ!

3. மதியத்துக்கு மேல்

கம்பெனியை நிறுத்திவைத்து ரிப்பேர் பார்க்கிற ஷட்டவுன் நேரம். மூன்று நாளில் டேங்க்கை ஒப்படைக்கவேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த தயாளன், டேங்க் வாயில் குனிந்து பார்த்தான். கண் எரிந்திருக்கிறது. ஆட்களை இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

சைட் இன்ஜினியர் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். "என்னய்யா, பெர்மிட் இருக்கு, கையெழுத்து இருக்கு. இன்னும் என்ன?"

"சார், காலைல இருந்து கசட கிளறிகினு கீறோம். மறுபடியும் மீட்டர் வெச்சி பாத்துட்டு எறக்குறேன் சார்."

"எனக்கே சேஃப்டி சொல்லித் தர்றியா?"

தயாளன் பையிலிருந்து மஞ்சள் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். இன்ஜினியர் அதைப் படிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "மதியம் மீட்டர் வச்சுப் பாத்தியா?"

தயாளனும் அவன் ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை நான் அன்று மதியம் டேங்க் பக்கமே வரவில்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் இத்தனை மாதமாக எழுதின 20.9 எல்லாம் பொய் என்று ஆகிவிடும். கேட்டுக்கு வெளியே முதலில் போகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

"பாத்தேன் சார். 20.9" என்றேன்.

இன்ஜினியர் தயாளனிடம் கேட்டார். "இந்தப் புக்கை உனக்கு யாருய்யா குடுத்தது?"

முதல் பக்கத்தைப் புரட்டினால் போதும், என் பெயர் இருக்கிறது. தயாளன் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "பழைய புக்கு கடைல வாங்குனேன் சார்" என்றான்.

அன்று சாயங்காலம் அவன் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு கேங்கை இறக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலைல்ல?" என்று இன்ஜினியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நிமிஷம் நான் வருத்தப்பட்டேன். மனுஷன் எவ்வளவு கேவலமாகப் போவான் பாருங்கள்.

கான்ட்ராக்டர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொண்டார்கள். எண்ணூரிலும் சரி, மணலியிலும் சரி, தயாளனுக்கு எந்தக் கேட்டும் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து கம்பெனி புது மீட்டர் வாங்கியது. மதியமும் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று ஒரு போர்டும் மாட்டியது. அந்தப் போர்டுக்குக் கீழே என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

4. காசிமேடு

தயாளன் காசிமேட்டில் ஐஸ் வண்டி தள்ளுகிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னா மாமு, இந்தாண்ட?" என்றான்.

"நான் ஜகா வாங்கிட்டேன்டா தயாளா. தப்பு."

"அத்த வுடு. ஒண்ணு கேக்குறேன், கரீட்டா சொல்லு. அந்த புக்க நீ படிச்சியா, இல்ல படிக்காமயே எங்கையில தள்ளி வுட்டியா?"

இவனிடம் இன்னொரு பொய் வேண்டாம் என்று தோன்றியது.

"படிச்சேன். ரெண்டு தபா."

வண்டியின் பிடியைத் தூக்கினான். "படிக்கலன்னு சொல்லிருந்தா மன்னிச்சி வுட்டுருப்பேன் மாமு. இத்தினி நாளு அப்டிதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

சிநேகிதனிடம் "இதைப் படி" என்று சொல்வது சுலபம். அவன் படித்து, நம்பி, அதன்படி நிற்கும்போது பக்கத்தில் போய் நிற்க முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். இப்போது யாராவது வந்து நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் படிப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன்.