தங்கையின் நிக்காஹும் என் நான்கு மணி நேரக் கணக்கும்

துபாயில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. பத்து வருடமாக அதற்குச் சம்பளம் வாங்குகிற நான்தான், சொந்தத் தங்கையின் நிக்காஹுக்குப் பிந்திப் போனேன்.

வாப்பா மவுத்தாகிவிட்டதால் தங்கைக்கு நான்தான் வலி. அதாவது, சபையில் உட்கார்ந்து அவளை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பொறுப்பாளன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இருக்கிற பொருளுக்கும் அன்று நான் குறை வைக்கவில்லை.

எங்கள் ஊர் பெரியபட்டினத்தில் பகல் பன்னிரண்டுக்கு நிக்காஹ். "முந்தின நாளே வந்துரு காக்கா" என்று தங்கை போனில் கெஞ்சினாள். ஒரு நாள் லீவு வீணாகுமே என்று இணையத்தில் தேடினேன். துபாயிலிருந்து மதுரை மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பயணம் நான்கு மணி நேரம் என்று வந்தது. காலை ஐந்து மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். "ஒன்பதுக்கு மதுரை, பதினொன்றரைக்கு வீடு. யாரும் பதற வேண்டாம்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினேன். டிக்கெட்டிலேயே இறங்கும் நேரம் பத்தரை என்று போட்டிருந்தது. கணக்குத் தெரிந்தவன் அதையெல்லாம் பார்ப்பானா?

மதுரையில் இறங்கியபோது கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது. கைபேசியில் பத்தரை. கைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு நிமிடம் நம்பினேன். தினமும் உம்மாவோடு பேசும்போது இந்திய நேரத்துக்காக மறக்காமல் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்கிறவன் நான். டிக்கெட் போட்டபோது மட்டும் அதைக் கூட்டவில்லை என்று புரிந்ததும் ஓட ஆரம்பித்தேன்.

பெட்டியை எடுத்துக் கார் ஏறப் பதினொன்றே கால் ஆகிவிட்டது. மானாமதுரை தாண்டியதும் வாப்பாவின் தம்பி கூப்பிட்டார்.

"எங்கன வாரே?"

"மானாமதுரை, சாச்சா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மாப்பிள்ளை வீட்டாரு வந்து உக்காந்துட்டாக. லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாக. ஒனக்குப் பதிலா நான் கட்டிக்குடுக்கவா? நிக்காஹ் ஓத வந்த ஆலிம்சா கேக்குறாரு, நீயே வாயால சொல்லு."

போனை ஸ்பீக்கரில் வைத்தார்கள். சபையின் சத்தம் அடங்கியது. "என் தங்கச்சிய எனக்குப் பதிலா நீங்க கட்டிக்குடுங்க சாச்சா, எனக்குச் சம்மதம்" என்றேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் என்னை வரவேற்றது மாப்பிள்ளை. "வாங்க மச்சான், சாப்பிடுங்க" என்று என் வீட்டில் என்னையே உபசரித்தார்.

உள்ளே தங்கை பட்டிலும் பூவிலும் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.

"போன்ல அழுதியாமே" என்றாள். "இங்கன வந்திருந்தா சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நின்னிருப்ப. போ, மொத சாப்பிடு."

நான் போய்ச் சாப்பிட்டேன். இரண்டு தடவை.