அவளிடம் யாரையாவது அனுப்பு, முருகா

1999ஆம் ஆண்டு அக்டோபரில் என் மனைவி சரஸ்வதியைப் பேருந்திலிருந்து இரு கைகளிலும் தூக்கி இறக்கினேன். கொல்லிமலையில், தேவனூர் நாடு என்ற பகுதிக் கிராமம் ஒன்றில் வீடு பிடித்திருந்தோம். வாதம் அவளுடைய வலப்பக்கம் முழுவதையும் செயலற்றதாக்கியிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மலேசியாவில் மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இங்கே மூலிகை வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கடைசி நம்பிக்கையாக வந்தோம்.

நான் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மலைமக்கள் பேசியதும் தமிழ்தான், நாங்கள் பேசியதும் தமிழ்தான். ஆனாலும் அவர்களுக்கு நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள். மரியாதையாகப் பேசுவார்கள், வாசலோடு நின்றுகொள்வார்கள். வீட்டுக்குள் யாரும் வந்ததில்லை.

சரஸ்வதியால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. தலையை உயர்த்திப் பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடப் புரையேறும். அவளை விட்டு நான் எங்கும் போவதில்லை. மார்கழி பிறந்த மறுநாள் அவளே என்னை விரட்டினாள்.

"ரெண்டு மாசமா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. எனக்கே சலிச்சுப் போச்சு. ஒரு நடை போய்ட்டு வாங்க லா."

வார்த்தை குழறினாலும் கிண்டலும், எங்கள் மலேசியப் பேச்சின் 'லா'வும் குறையவில்லை. மருந்து கொடுத்து, அவளைத் தூங்கவைத்துவிட்டுப் பிற்பகலில் புறப்பட்டேன்.

காப்பித் தோட்டம், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், ஓர் ஓடை. எவ்வளவோ நாள் கழித்துக் காலார நடந்தேன். திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. பாதை தெரியவில்லை. நான் பதறவில்லை. எங்கள் ரப்பர் தோட்டங்களில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும். ஒரு நிரையைப் பிடித்து நேராக நடந்தால் கட்டாயம் சாலை வரும். நாற்பது வருடப் பழக்கம். அதை நம்பி சில்வர் ஓக் வரிசை ஒன்றைப் பிடித்து நடந்தேன். அந்த வரிசை சரிவில் இறங்கிக்கொண்டே போய்ப் புதருக்குள் முடிந்தது. மேலே ஏற முயன்றேன். சறுக்கி இன்னும் கீழே விழுந்தேன். கணுக்கால் பிசகியது.

இருட்டுவதற்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் தவறு. எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் பொழுது சாயும். இங்கே மார்கழியில் ஆறு மணிக்கே கண்ணைக் கட்டியது.

கத்தினேன். பதில் இல்லை. "முருகா, வழி காட்டு" என்று வேண்டினேன். திரும்பத் திரும்ப அதையே வேண்டினேன். ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. நான் எத்தனையோ நூல்களில் அடியார்களுக்கு இறைவன் வழிகாட்டியதைப் படித்தவன். எனக்கு யாரும் வரவில்லை. அவள் விழித்திருப்பாள். தண்ணீர் கேட்பாள். நான் வருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பில் என் உயிரே போய்விட்டது.

கடைசியில் என்னைப் பற்றி வேண்டுவதை விட்டுவிட்டேன். "நான் இங்கேயே கிடக்கிறேன். அவளிடம் யாரையாவது அனுப்பு, முருகா." அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.

விடியும்போது மேலே புகை தெரிந்தது. தவழ்ந்து ஏறினேன். மரவள்ளிக் காட்டுக்குக் காவலிருந்தவர் கையில் கல்லோடு எழுந்து நின்றார்.

"அடக் கடவுளே, ஆளுங்களா! பன்னின்னு நெனச்சு மண்டைய ஒடைக்கப் பாத்தனே! மலேசியாக்காரருங்களா? உங்களத் தேடி ஊரே அருவிப் பக்கம் எறங்கியிருக்குதுங்க. நீங்க என்னடான்னா எங்க காட்டுல மொளச்சு வாரீங்க."

"என் மனைவி?"

"அது எனக்குத் தெரியாதுங்க சாமி."

ஊர் தேடுகிறது என்றால் யாரோ என் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். போனவர்கள் எதைக் கண்டார்கள்? காவல்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த வழி முழுவதும் நான் அவளுடைய ஈமக்கடன்களைத்தான் நினைத்தேன்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பொன்னாயி நின்றார். இரண்டு மாதத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிராதவர்.

"ஏனுங்கண்ணா, இப்படியா ஒருத்தர் காணாமப் போவாரு! ராத்திரி கெழங்கு வெந்துச்சு, அம்மாவுக்கு ரெண்டு குடுக்கலாம்னு வந்தேங்க. கூப்புட்டாப் பேச்சு மூச்சில்ல. உள்ள போனா கட்டலுக்குக் கீழ குப்புறக் கெடக்குறாங்க, தண்ணிக்கு ஒத்தக் கைய நீட்டிச் சரிஞ்சுட்டாங்களாட்டம். தூக்கி மடியில போட்டு, மெல்லத் தண்ணி குடுத்தேன். அப்பறம் எங்கூட்டுக்காரர எழுப்பி உங்களத் தேட உட்டேன்."

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். "ராத்திரி நல்லாத் தூங்கினேன். குறட்டைச் சத்தம் இல்ல பாருங்க" என்றாள். பிறகு அழுதாள்.

அதுவரை ஒரு நாளும் வராதவர் அன்று மட்டும் ஏன் வந்தார் என்று பொன்னாயியிடம் பலமுறை கேட்டேன். "கெழங்கு நெறய வெந்துருச்சுங்க" என்பார், அவ்வளவுதான். நான் வேண்டிய நேரமும் அவர் வந்த நேரமும் ஒன்றா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதையும் தேதியோடு குறித்துவைக்கும் நான் அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

வைத்தியம் பலிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு பங்குனியில் சரஸ்வதி போய்விட்டாள். ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆள் இல்லாத நாளே இல்லை. அவள் மூச்சு நின்றபோது தலை பொன்னாயியின் மடியில் இருந்தது, கால்மாட்டில் நான் இருந்தேன்.

இப்போது நான் மலேசியா திரும்பி ஈப்போவில் இருக்கிறேன். வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய், பார்க்க யாரும் வராத நோயாளிகளின் பக்கத்தில் உட்காருகிறேன். தண்ணீர் கொடுக்கிறேன். முன்பு கோயிலுக்குப் போவேன், வந்துவிடுவேன். இதெல்லாம் தெரியாது.

அன்பர்களே, உங்களுக்கு வழி அடைபட்டுவிட்டதாகத் தோன்றினால், அங்கிருந்தபடியே இன்னொருவருக்காகக் கேட்டுப் பாருங்கள். முருகன் செவிசாய்க்கிறான். அன்று இரவு என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவளைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அது போதும்.