உடும்பஞ்சோலையிலிருந்து ஓமனுக்கு ஒரு கூடார ஒத்திகை

காலை 6.10. உடும்பஞ்சோலையில் மழை கொட்டுகிறது. ஆடி மாதத்தில் இங்கே வேறென்ன கொட்டும்? பாலைவனப் பயணத்துக்கு ஒத்திகை பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் குடை பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினோம்.

காரணம் எங்கள் மகள் ஷைனி. ஓமனில் மேடைகளுக்கு விளக்குப் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டிசம்பரில் அங்கே பாலைவனத்துக்கு நடுவே நான்கு நாள் இசைத் திருவிழா. வருகிறவர்கள் மணலிலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். வேலை முடியும்வரை ஷைனியால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. கூடாரத்தில் தங்கினால் நான்கு நாளும் அவள் பக்கத்தில் இருப்போம். மஸ்கட்டில் ஹோட்டல் என்றால் இருநூறு கிலோமீட்டர் தள்ளி. திரும்புகிற அன்று விமான நிலையத்துக்கு அவள் வந்தால் ஒரு மணி நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அந்த முகத்தை நாங்கள் மூன்று வருடமாகப் போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "அப்பாவுக்கு அறுபதாச்சு, உனக்கு முட்டி வலி. மணல்ல நீங்களே கூடாரம் அடிச்சு, காத்துல ஒரு மணி நேரம் நிக்கிறத எனக்குக் காட்டுங்க. அப்பதான் திருவிழா பாஸுக்கு உங்க பேர் குடுப்பேன்." பேர் கொடுக்கக் கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி வரைதான்.

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருடம் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். "நான் போடாத ஷெட்டா?" என்று மூன்று நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ கொண்டுபோகலாம் என்றதும் பெட்டியில் முதலில் வைத்தது அட்டைக்கடிக்குப் போடும் நீளக் காலுறை. பாலைவனத்தில் ஏது அட்டை என்று கேட்டேன். "இருந்துட்டா?" என்றார்.

7.50, போடிமெட்டு. சாந்தன்பாறை, பூப்பாறை தாண்டி வந்தும் மழை விடவில்லை. டீ பதினைந்து ரூபாய். சூட்டுக்காகவே இன்னொன்று குடித்தோம். ஜீப் ஓட்டிய மாரியப்பன் போடிக்காரர். அவருக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை.

"வெளிநாட்டுக்குப் போறவுக கொச்சிக்குல்ல போவாக? நீங்க என்னக்கா போடிக்கு வாரீக?"

"மணலுக்குப்பா. எங்க மலையில சேறுதான இருக்கு."

இறங்க இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவில் மழை நின்றது. பத்தாவதில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். கீழே போனதும் கண்ணைக் கூசும் வெயில், ஆளைத் தள்ளும் காற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பாதி ஓமன் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

9.45. போடியிலிருந்து ஆறு கிலோமீட்டரில், மாரியப்பனின் மச்சான் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு வறண்ட ஓடை. அகலமாக நல்ல மணல். இருவர் படுக்கும் கூடாரம். ஆன்லைனில் நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கியது. கம்பியை மாட்டி, முளையடித்து, இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். நான் ஜீப்பிலிருந்து கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு திரும்பினால், மனிதர் மண்வெட்டியோடு கூடாரத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் மலையில் கோழிக்கூடு வைத்தாலும் முதலில் சுற்றிலும் கான் வெட்டுவார்கள், மழைத் தண்ணீர் வடிந்து ஓட. அது கை தானாகச் செய்கிற வேலை.

"ஏங்க, எந்த மழைக்கு வெட்டுதிய?"

"தண்ணி உள்ள ஏறிராதா?" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. அதற்குள் கானின் விளிம்பு மணல் சரிய, முளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கூடாரம் ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்து ஓடையோடு உருண்டது. இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் கம்பைக் குறுக்கே போட்டு அதை நிறுத்தினார்.

"யாத்தே, யாரு வீட்டுப் பந்தலு இது?"

நான் மூச்சு வாங்கக் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு சிரிப்பு குறைந்தது. வேறு இடத்தில் அடித்தோம், காற்று பிடுங்கியது. முளையை ஆழமாக இறக்கினோம், அப்போதும் பிடுங்கியது. சரியச் சரிய அந்த மணலுக்குப் பிடிப்பே இல்லை. மணி ஒன்றரை. என் வீட்டுக்காரர் தென்னை நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டல்லயே இருந்துக்குவோம் ஜெயா. பிள்ளைய ஒரு மணி நேரம் பாத்தாலும் பாத்ததுதான."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஒரு மணி நேரம் பாக்கவா இம்புட்டுத் தூரம் போறோம்? எந்திரிங்க" என்றேன்.

ஜீப்பில் காலி ஏலக்காய்ச் சாக்குகள் கிடந்தன. எட்டை எடுத்து வந்து மணலை நிரப்பி வாயைக் கட்டினேன். முளைக்குப் பதிலாகக் கூடாரக் கயிறுகளை அந்த மூட்டைகளில் கட்டினோம். புதைக்கக் குழி வேண்டுமே என்றபோது அவர் முகம் மலர்ந்தது. காலையில் வெட்டிய கான் முதல் இடத்தில் அப்படியே கிடந்தது; கூடாரத்தை மூட்டைகளோடு அங்கே நகர்த்தினோம். மூட்டைகளைக் கானுக்குள் இறக்கி மணலை மூடி மிதித்தோம். காற்று வந்து மோதியது. துணி படபடத்ததே தவிர, கூடாரம் அசையவில்லை.

"கான் வெட்டுனது வீணாப் போச்சுன்னு நெனச்சியாக்கும்?" என்றார். அவ்வளவு நேரம் ஓடிய களைப்பெல்லாம் மறந்து மனிதருக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

3.20. ஷைனியை வீடியோவில் அழைத்து, போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தோம். கட்டுச்சோற்றை அப்போதுதான் சாப்பிட்டோம். அங்கே அவள் ஏதோ வயர்களைச் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் முடிந்ததும், "பேர் குடுத்துட்டேன்" என்றாள். அவர் கை தட்டினார். நான் அழுதேன். மறைப்பானேன்?

அவள் போனை வைக்கவில்லை. கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"ம்மா, அங்க எங்களுக்குக் குடுக்குறது கன்டெய்னர் ரூம். எட்டுப் பேரு. நானும் உங்க கூடாரத்துல படுத்துக்கிடட்டுமா? எடம் இருக்குமா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் அந்த ஓரமாகப் போய்த் துணியோடு ஒட்டிப் படுத்தார். நான் இந்த ஓரம் படுத்தேன். நடுவில் கையை வைத்து அளந்தேன்.

"ஒன்னர முழம் இருக்கு."

"போதும்மா," என்றாள்.

ஆறு மணிக்கு மலையேறினோம். போடிமெட்டில் பழையபடி மழை. உடும்பஞ்சோலை வீட்டில் எங்களுக்கு மூன்று அறை. அதில் ஷைனியின் அறை மூன்று வருடமாகக் கூட்டிப் பெருக்கித் துடைத்து, ஆளில்லாமல் கிடக்கிறது. டிசம்பரில் அந்த ஒன்றரை முழத்தில் அவள் நான்கு ராத்திரி படுத்திருப்பாள்.