சூடாமணி மாமியின் ‘இஸ்லாண்ட்’

அபிராமபுரத்து சூடாமணி மாமி இங்கிலீஷில் ஒரு எழுத்தையும் சும்மா விடமாட்டார். கத்தி என்றால் ‘க்னைஃப்’, கடன் என்றால் ‘டெப்ட்’, தீவு என்றால் ‘இஸ்லாண்ட்’. எட்டாம் வகுப்போடு நின்றவர், தானாக எழுத்துக் கூட்டிக் கற்ற இங்கிலீஷ் அது.

கணவர் சுப்பராமனோ ஸ்டெனோவாக இருந்து ரிடையரானவர். கண்ணில் புரை விழுந்தும் ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்ததால், தினமும் இங்கிலீஷ் பேப்பரை மாமிதான் அவருக்கு வாசித்துக் காட்டுவார். பாவம், மனுஷரால் காபியைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாது.

“ஐலண்ட்னு சொல்லுடி! அந்த எஸ்ஸைச் சொல்லப்படாது!”

“சொல்லப்படாதுன்னா எதுக்கு அச்சடிச்சிருக்கான்? காசு கொடுத்து வாங்கின பேப்பர், ஒண்ணையும் விடமாட்டேன், போங்கோ.”

உண்மையில் ஒரே வருஷத்தில் மாமிக்குச் சரியான உச்சரிப்பெல்லாம் அத்துப்படி. அவர் துள்ளிக் குதிப்பதைப் பார்க்கத்தான் இந்தக் குறும்பு. அதில் மாமிக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

தொண்ணூற்றாறு ஐப்பசியில் சுப்பராமனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சும் போயிற்று. “பேச்சுக் கொடுத்துண்டே இருங்கோ, திரும்ப வந்தாலும் வரலாம்” என்றார் டாக்டர். போதாதா மாமிக்கு? வீட்டுக்கு வந்த மறுநாளே கட்டிலருகில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். வரிக்கு வரி வேண்டுமென்றே தப்பு. கோபத்தில் ஒரு வார்த்தையாவது கத்திவிடமாட்டாரா என்று அத்தனை ஆசை.

தை பிறந்தது. தீவுத்திடல் பொருட்காட்சிச் செய்தி வந்திருந்தது.

“இஸ்லாண்ட் கிரவுண்ட்ஸ்...” மாமி நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

சுப்பராமனின் உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“சொல்லுங்கோன்னா! திட்டுங்கோ என்னை!”

வெறும் காற்றுதான் வந்தது. இடது கையால் கட்டிலை ஓங்கி ஓங்கி அடித்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

மாமிக்குப் பகீரென்றது. ஐயோ, இத்தனை நாளும் ஒவ்வொரு தப்பும் காதில் விழுந்து, திருத்த முடியாமல் உள்ளுக்குள் தவித்திருக்கிறாரே! பாவி, நானே படுத்தியிருக்கிறேனே!

முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, பேப்பரை மறுபடி எடுத்தார்.

“ஐலண்ட் கிரவுண்ட்ஸ்.”

சுப்பராமனின் கை அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்றிலிருந்து மாமி ஒரு வார்த்தையையும் தப்பாக வாசிக்கவில்லை. இனி அவர் பேசப்போவதில்லை என்று அன்றைக்குத்தான் மனசு ஒப்புக்கொண்டது.

மாசி மாதத்தில் ஒரு நாள் அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“மாமி, இப்பல்லாம் இங்கிலீஷ் எவ்வளவு அழகா வாசிக்கறேள்!”

மாமி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் வாய்விட்டு அழுதார்.