என் பேருக்குக் குரல் கொடுத்த அண்ணி

தலையிலிருந்த பலாப்பழத்தை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார் அண்ணி. மணலூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர் அறை வாசல் அது. நான் அங்கே கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். கல்வராயன் மலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி அந்தப் பழத்தைச் சுமந்து வந்திருந்தார். "யாரு சார் இது?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். பதில் சொல்வதற்கு முன் நான் யோசித்தேன். யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை அது. "பழம் விக்கிறவங்க" என்றேன். அதோடு விட்டேனா? அண்ணியின் முகத்தைப் பார்த்தே, "என்ன விலைம்மா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம்தான் என்னைப் பார்த்தார். "சாருக்கு சும்மாவே தர்றேங்க. எங்க மரத்துப் பழம், துன்னு பாத்துட்டு சொல்லுங்க" என்றார். "சாருக்கு மட்டும் சும்மாவா? எங்களப் பாத்தா மனுசனா தெரியலியா?" என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். என் பொய்யை என்னைவிடத் திறமையாகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பழத்தை அறுத்து எல்லோரும் தின்றோம். நானும் தின்றேன்.

அந்தப் பொய்க்கு அப்போதே பத்து வயது தாண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கி, வடக்கனந்தல் பக்கம் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் சாதி என்ன என்று கேட்டார். முதல் நாளே விடுதிப் பையன்கள் "மலையான், மலையான்" என்று கூப்பிட்டுக் காட்டியிருந்தார்கள். நான் என் பாய்க்கு அடுத்த பாயில் படுத்திருந்த பையனின் சாதியைச் சொன்னேன். அவன் மலைக்குக் கீழே, கீழ்நாட்டு விவசாயக் குடும்பத்துப் பையன். அந்தக் காலத்தில் கேட்ட வாய்க்குச் சொன்ன வாய்தான் சான்று. அடியில் என் அப்பா கைநாட்டு வைத்தார். மகன் தன்னை மகனில்லை என்று எழுதிய காகிதம் அது என்பது அவருக்குத் தெரியாது. கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "நல்லா படிடா" என்று சொல்லிவிட்டு மலையேறினார்.

மலைவாழ் மக்களுக்கான சலுகை ஒன்றையும் நான் வாங்கவில்லை. அதையே பல வருடம் பெருமையாக எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொந்தக் காலில் நின்றவன், தன்னைத் தானே செய்துகொண்டவன் என்று. திருமணத்துக்குப் பிறகு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். சொன்ன கையோடு, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். அண்ணன் இறந்தபோது போய் அரை நாள் இருந்துவிட்டு, தேர்வு வேலை என்று இறங்கி வந்தேன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டி, மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அண்ணி என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஓர் அரசாங்கக் கடிதம்.

அண்ணிக்கு வெகு பிந்திப் பிறந்தவள் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்க மலைவாழ் இனச் சான்றிதழ் கேட்டிருந்தாள். அப்பனிடம் காகிதம் இல்லை, தாத்தாவிடமும் இல்லை. அப்பா வழியில் படித்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா என்று என்னைச் சொல்லியிருக்கிறாள். என் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தால் அதில் வேறு சாதி. சித்தப்பன் ஒரு சாதி, அண்ணன் மகள் ஒரு சாதியா என்று விசாரணைக்குக் கடிதம் வந்துவிட்டது.

"உன்ன நான் எதுவும் கேட்டதில்ல தம்பி. இப்ப கேக்கறேன். வந்து நீ யாருன்னு உன் வாயால சொல்லிட்டுப் போ" என்றார் அண்ணி.

"பையனுக்கு சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம் அண்ணி. கொஞ்ச நாள் கழிச்சு..."

"பொண்ணுக்கு சீட்டு கொஞ்ச நாள் கழிச்சு குடுப்பாங்களா?"

வருகிறேன் என்றேன். போகவில்லை. முதல் விசாரணை நாளன்று காய்ச்சல் என்று போர்வைக்குள் படுத்திருந்தேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். இரண்டாவது தேதி போட்டு எனக்கே கடிதம் வந்தது. அன்றும் நான் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று எழுதியிருந்தது. மகன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்திகள் ஆக இருந்தவர்களிடமும் நானே போய்ச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். "அவங்க யோசிச்சுக்கினே இருக்கட்டும்ப்பா, நீ பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றான் மகன்.

மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் விசாரணை. அதிகாரி நல்ல மனிதர், இளைஞர். நான் பொய் சொல்லிச் சேர்ந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "ஐயா, அன்னிக்குச் சொன்னது பொய்ங்கறீங்க. இன்னிக்குச் சொல்றது உண்மைன்னு நான் எதை வெச்சு எழுதறது?" என்றார். ஐம்பத்தெட்டு வயதில், கோடு போட்ட சட்டையும் கைக்கடிகாரமுமாக, நான் யார் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

அப்போது எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் எழுந்தார். "நாங்க அவன வுட்டாதான சார் அவன் வேற ஆளு?" என்றார். எங்கள் ஊரில் திருவிழாப் பொங்கலுக்கு ஒரே பானைதான். பங்காளிகளின் பேரை வரிசையாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் "இருக்கேன்" என்று சொல்லி, வள்ளம் என்ற அளவுப் பாத்திரம் நிறையச் சாமையைப் பானைக்கென வைத்த கூடையில் கொட்ட வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்தப் பேர் அதோடு அற்றது. அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். அப்பா போன பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக, என் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் அண்ணி எழுந்து நின்று "இருக்கான்" என்று சொல்லி, தன் வீட்டுச் சாமையைக் கொட்டி வந்திருக்கிறார். எனக்கு இது தெரியாது. என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

"இப்பவே கூப்புடறேன், பாருங்க" என்று கவுண்டர் ஆரம்பித்தார். அதிகாரி தடுக்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் பேருக்கு மகள் குரல் கொடுத்தாள். அடுத்தது என் பேர். பள்ளிக்கூடத்தில் நான் மாற்றிக்கொண்ட பேர் அல்ல, அப்பா வைத்த பேர். பழக்கத்தில் அண்ணி வாயைத் திறந்தார், முந்தானையால் பொத்திக்கொண்டார்.

"இருக்கேன்" என்றேன்.

"கையில இன்னா இருக்குது? வெறுங்கையோட சொன்னா செல்லுமா?" என்றார் கவுண்டர். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் நகரவில்லை. "என்ன ஏன் பாக்கற? வூடு தெரியுமில்ல? போய் எடுத்தா. எத்தினி வருசம்தான் ஒருத்தியே கொட்டறது? உன் பேருக்குக் கத்திக் கத்தி என் தொண்டையே ஆம்பளத் தொண்டையாப் பூட்சி" என்றார். சனம் சிரித்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். சாமை எதில் இருக்கிறதென்று தெரியாமல் இரண்டு பானையைத் திறந்து மூடினேன். இரண்டாம் முறை கூப்பிடும் குரல் கேட்டது. வள்ளம் நிறைய அள்ளி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது கவுண்டர் மூன்றாம் முறைக்கு வாயெடுத்துவிட்டார். "இருக்கேன், இருக்கேன்" என்று கத்தியபடி, கூடை இல்லாததால் அதிகாரியின் மேசைமேலேயே கொட்டினேன். பெண்கள் குலவை போட்டார்கள். அதிகாரி கோப்பின் மேலிருந்த சாமையை ஊதிவிட்டுச் சிரித்தார்.

"சின்னவன் வந்துட்டான், எழுதிக்குங்க சார்" என்றார் கவுண்டர்.

ஊரார் வாக்குமூலத்தோடு கோப்பு போனது, சான்றிதழ் வந்தது. அண்ணன் மகள் படித்தாள். இன்று மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ரத்த அழுத்தம் பார்க்க நான் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி அவளிடம்தான் போகிறேன். கீழே ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் நின்று என் முறை வரும்போது, எல்லோரையும் கேட்பதுபோல என்னையும் நிமிர்ந்து பார்க்காமல் கேட்கிறாள், பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர். சொல்கிறேன். வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"மெதுவா சொல்லுங்க சித்தப்பா," என்கிறாள், "கீழ்நாடு வரைக்கும் கேக்குது."

கேட்கட்டும்.