கொரங்காட்டு டப்பாவுக்கு ஒரு லேபிள்

பனியன் ஊரான மண்ணரையில் துணி லேபிள் அடிக்கிறவர்கள் சந்துக்குச் சந்து உண்டு. ஆனால் மகுடேஸ்வரனைக் கேட்டால், லேபிள் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் ரிப்பனை வீணாக்குகிறவர்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவர், இன்றைக்குச் சொந்தக் கட்டடம், சொந்த மிஷின். சும்மா வந்ததா அது? "ஜெர்மனிக்காரன் வாஷிங் மிஷினே என் எழுத்துகிட்ட தோத்துப்போச்சுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லத் தகுதி உள்ளவர்தான்.

அவரிடம் ஒரு நாள் தரணி ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமையானால் ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் போடுவார்கள். யாரோ போனைப் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

"காலி டப்பாவத் தேடியா வர்றாங்க அம்மணி?"

"பெங்களூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க ஐயா. ஆனா இப்பப் பிரச்சனையாயிருச்சுங்க."

குண்டடம் பக்கம் சுப்பையன் என்பவருடைய கொரங்காடு. மாடு மேய்கிற புல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி. அந்த வேலியடிக் கல்லிடுக்கில் அவரைக் கேட்டுத்தான் தரணி முதல் டப்பாவை வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் மேலே ஒட்டியிருந்த காகிதம் கரைந்துபோனது. மாடு மேய்க்க வந்தவர் பேரில்லாத டப்பாவைக் கண்டு வெடிகுண்டென்று அலற, போலீஸ் வந்து, நாய் வந்து, ஊரே கூடிவிட்டது. சுப்பையனுக்கு மானம் போன மாதிரி. இன்னொரு முறை வைத்துக்கொள், ஆனால் எழுத்து அழிந்தால் டப்பாவும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அது நான் வெச்ச முதல் டப்பாங்க ஐயா. எடுக்க மனசே வரல."

"உங்க டப்பா மக்கிப்போகும், என் எழுத்து போகாது. போங்க அம்மணி" என்றார் மகுடேஸ்வரன்.

நல்ல சாட்டின் ரிப்பனில் அடித்தார். 'இது விளையாட்டு டப்பா. பயப்பட வேண்டாம். இருந்த இடத்திலேயே வைக்கவும்.' தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று எழுத்து சிவப்பு. சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்பத் துவைத்தார். கல்லில் தேய்த்தார். சாயம் துளி இறங்கவில்லை. தை மாதம் டப்பாவின் பிடியில் கட்டியாயிற்று.

வைகாசியில் தரணியின் காரில் அவரே பார்க்கப் போனார். தன் சாமானைத் தானே பார்த்துப் பெருமைப்படுவது அவருக்குப் பழக்கம். வேலியடியில் சுப்பையன் டப்பாவும் கையுமாக நின்றிருந்தார்.

"வாங்க. ரிப்பன் கட்டுனீங்க சரி. எழுத்து எப்பங்க அடிப்பீங்க?"

வெள்ளை ரிப்பன். அவ்வளவுதான். தரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மகுடேஸ்வரன் அதை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆயுசு பூராவும் தண்ணீருக்குப் பயந்தே லேபிள் அடித்திருக்கிறார். சட்டைக் கழுத்துக்குள் கிடக்கிற லேபிள் வெயிலைக் கண்டதா? வெயில் என்று ஒரு எதிரி இருப்பதே இத்தனை வருடத்தில் அவர் நினைப்பில் வந்ததில்லை.

பக்கத்தில் சாம்பல் நிற மயிலை மாடு ஒன்று காதை ஆட்டியது. காதில் மஞ்சள் வில்லை. அதில் கறுப்பு எண்.

"இது மாட்டிவிட்டு எத்தனை நாளாச்சுங்க?"

"கிடாரியா இருக்கறப்ப கவர்மென்ட்ல மாட்டுனதுங்க. இப்ப மூணு ஈத்து ஈனிருச்சு."

எண் பளிச்சென்று இருந்தது.

ஊர் திரும்பியதும் ஸ்போர்ட்ஸ் பனியனில் ஒட்டுகிற ரப்பர் வில்லைக்கு அச்சு வெட்டினார். எழுத்தை அடிக்கவில்லை, புடைத்து நிற்க வைத்தார். நிறம் போனாலும் மேடு போகாது, விரலால் தடவியே படிக்கலாம். கொண்டுபோய்க் கொடுத்தபோது சுப்பையன் மசியவில்லை.

"உங்க வாய நம்பி ஒருக்கா ஆச்சுங்க. இது முதல்ல என் தண்ணித்தொட்டி மேல ஒரு வெயில்காலம் முழுக்கக் கிடக்கட்டும். டப்பா அதுக்கப்புறம்."

தரணியின் டப்பா அந்த வருடம் முழுக்க மகுடேஸ்வரனின் மேசை மேல் கிடந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்குப் பேச்சு குறைந்தது. இன்னொரு வில்லையை மொட்டை மாடிச் சுவரில் ஆணியடித்து, காலையில் முதல் வேலையாக ஏறிப் பார்ப்பார்.

"ஏனுங்க, வடகமா காயப்போட்டிருக்கீங்க?" என்பாள் மனைவி சித்ராதேவி.

அடுத்த வைகாசி முடிகிற சமயம் சுப்பையன் போன் செய்தார். மகுடேஸ்வரனின் மேசையருகே அப்போது தரணியும் சித்ராதேவியும் இருந்தார்கள்; அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"கண்ணாடிய ஊட்ல வெச்சுட்டு வந்துட்டனுங்க. கையில தடவித்தான் படிக்கறேன், இருங்க." பின்னால் மாட்டு மணி கேட்டது. "இது... விளையாட்டு... டப்பா. பயப்பட வேண்டாம்." ரப்பரில் விரல் உரசுகிற சத்தம். "இருந்த இடத்திலேயே வைக்கவும். சரி, கொண்டாந்து வெச்சுக்கச் சொல்லுங்க அந்தப் புள்ளைய."

தரணி டப்பாவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? மண்ணரையில எவனாலயாச்சும் முடியுமா?" என்று மனைவி பக்கம் திரும்பினார் மகுடேஸ்வரன்.

"மாட்டுக் காதப் பாத்து அடிச்சதுக்கு இத்தன பெருமையாக்கும்!"

அவர் எழுந்தார். மாடிக்குப் போய்ச் சுவரில் இருந்த வில்லையை ஒருமுறை தடவினார். கழற்றாமல், அது அங்கேயே காயட்டும் என்று விட்டுவிட்டு இறங்கி வந்தார்.