திருத்தணியில் பனியாறு தேடிய நாள்

1976 செப்டம்பரில் கோமுகம் சென்று கங்கோத்ரிப் பனியாற்றைப் பார்த்து வந்தது முதல், எந்தக் கல்லைக் கண்டாலும் அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கும் வழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. (அக்டோபர் என்று என் வீட்டார் சொல்வது தவறு.) அந்த வழக்கம்தான் 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை, என்னைத் திருத்தணிக்கு இழுத்துச் சென்றது. ஆர்.கே.பேட்டையில் பூகோள ஆசிரியராக இருந்த நண்பர் ஜெகநாதன், நந்தியாற்றை ஒட்டித் தோண்டப்படும் ஒரு கிணற்றில் பனியாறு விட்டுச்சென்ற கற்கள் கிடைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 69 கிலோமீட்டர். அங்கே வண்டி மாறினால் திருத்தணி இன்னும் 13. மணவூரைத் தாண்டும்போதே வெயில் சுட்டது. ஸ்டேஷனில் காத்திருந்த ஜெகநாதனும் நானும் கிணற்றுக்கு நடந்தே போனோம்.

பனியாறு என்பது மெல்ல நகரும் பனிக்கட்டி. அடியில் உறைந்து ஒட்டிய கற்களைக் கொண்டு மலையை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பள்ளத்தாக்கை அகலமாகக் குடையும். உருகுமிடத்தில், சுமந்துவந்த பாறாங்கல்லையும் மாவு போன்ற களிமண்ணையும் தரம் பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டிவிடும். அக்கற்களில் கீறல்கள் இருக்கும். ஆறு அப்படியன்று, சலித்துப் போடும். மிகப் பழைய காலத்தில் தென்னாட்டு நிலத்திலும் பனி மூடியிருந்தது உண்டு. ஆகவே நண்பரின் ஆசையைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை.

ஆனால் அந்த ஆசை கிணற்றுக்காரர் முனிரத்தினத்துக்குப் பாதகமாக முடிந்திருந்தது. பனியாற்றுக் களிமண்ணில் ஊற்று வராது என்று ஜெகநாதன் சொன்னதை நம்பி, வேலையை நிறுத்திவிட்டார். முன்பு தோண்டிய இரண்டு கிணறுகளும் வற்றிவிட்டன. இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு, ஆர்.கே.பேட்டையில், பாவா என்று அவர் அழைக்கும் அக்காள் கணவரின் பவர்லூமில் வேலைக்குச் சேருவது என்று முடிவு.

“போய்யா, பாவாகிட்ட போ. தறியில நாடா ஓடுற மாதிரி உன்னையும் அங்கயும் இங்கயும் ஓட வுட்டுகினு இருப்பாரு,” என்றார் அவர் மனைவி கன்னியம்மா, எங்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டே.

கிணற்றின் கிழக்கே மண்மேடு. களிமண்ணும் கல்லும் கலந்து, கோமுகத்தில் நான் கண்டதைப் போலவே கிடந்தது. ஜெகநாதன் கல்லொன்றை எடுத்துக் கீறல்களைக் காட்டினார். எனக்கும் மனம் தாவியது. ஆயினும் குவியலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று என்று, கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினேன்.

சுவர் வேறு கதை சொன்னது. மேலே களிமண், அதன் கீழே கூழாங்கல், அடியில் பருமணல். எல்லாம் தனித்தனி அடுக்குகள். தட்டைக் கற்கள் கூரை ஓடுகளைப் போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஓடும் தண்ணீர்தான் கற்களை அப்படிச் சாய்க்கும். சுவரில் பதிந்த கற்களில் ஒரு கீறலும் இல்லை. கடப்பாரையால் ஒன்றை நெம்பி எடுத்தேன். அதே கீறல் விழுந்தது.

பிறகு விசாரித்ததில், முருகன் மலை தெரியும் பக்கம் மண் கொட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம் என்று தெரிந்தது. ஆகவே கூடை கூடையாக எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து கலந்துவிட்டன.

ஜெகநாதனின் முகம் வாடிவிட்டது. முனிரத்தினம் என்னையே பார்த்தார்.

“அப்ப தோண்டலாங்களா?”

பழைய ஆற்றுப் படுகை. மணலில் நீர் நிற்க இடமுண்டு, உறுதி மட்டும் தர முடியாது என்றேன்.

“ஆங், அது போதுங்க.”

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் மீண்டும் தோண்டினார்கள்; மாலைக்குள் பருமணல் கசியத் தொடங்கி, தோண்டியவர்களின் கணுக்கால் நனைந்தது.

இப்படிக் கல் தேடிச் செல்வோர் வெயிலுக்கு அஞ்சி மே மாதத்தைத் தவிர்க்கலாம். மற்ற மாதங்களில் கிணற்றில் தண்ணீர் இருக்கும், அடுக்குகள் தெரியா என்பதால் நான் தவிர்ப்பதில்லை. தொப்பி அவசியம். தோண்டிப் போட்ட மண்ணைப் பார்க்குமுன், தோண்டாத சுவரைப் பாருங்கள்.

புறப்படும்போதும் ஜெகநாதன் விடவில்லை. இன்னும் ஆழத்தில் பனிக்காலத்துப் படிவு இருக்கலாம் என்றார். முனிரத்தினம் சேற்றுக் காலோடு மேலேறி வந்து சொன்னார்: “இருந்தா ஐஸு உங்களுக்கே சார். தண்ணிய மட்டும் எனக்கு வுட்டுடுங்க.”